நாப் வெண்ணெய், டாலப் தயிர்: ஆங்கிலக் கைக்கணக்கைத் தமிழ் அடுப்படியில் அளப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ, ஒரு தமிழ் வீட்டுச் சமையல் நோட்டைப் புரட்டினால் ரசம்கூட ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கும். 1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்திறங்கியவர்களின் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலப் பள்ளியில் படித்ததன் விளைவு அது. கப், டீஸ்பூன் என்று எண் போட்ட இடங்களில் சிக்கல் இல்லை. ‘எ நாப் ஆஃப் பட்டர்’, ‘எ குட் க்ளக் ஆஃப் ஆயில்’ என்று வரும்போதுதான் ஊரிலிருந்து புதிதாக வந்த மருமகளும், இங்கேயே பிறந்து அந்த நோட்டைத் தமிழில் எழுதிப் பார்க்கும் பேத்தியும் ஒன்றுபோல விழிக்கிறார்கள். அகராதியைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘சிறிதளவு’ என்று ஒரே பதில். அந்தப் பதிலை நம்பிச் சமைத்தால் ஒன்று உப்புக் கரிக்கும், இல்லை எண்ணெய் மிதக்கும்.

இந்தச் சொற்கள் எவ்வளவு என்பதற்கு முன்னால், என்ன மாதிரிப் பொருள் என்பதைச் சொல்லிவிடுகின்றன. தூளுக்குப் பின்ச். சீசாவைக் கவிழ்த்து உதறும் திரவத்துக்கு டாஷ். கரண்டியில் குவிந்து நிற்பதற்கு டாலப். கத்தியால் வெட்டி எடுக்கும் கொழுப்புக்கு நாப். ‘நாப் ஆஃப் சால்ட்’ என்று யாரும் எழுத மாட்டார்கள். நம் வழக்கமும் அதுதானே: உப்பு சிட்டிகை, புளி நெல்லிக்காய் அளவு, கறிவேப்பிலை ஓர் இணுக்கு, கீரை ஒரு கட்டு. ஆகவே சொல்லைப் பார்த்ததும் எண்ணைத் தேடாமல், பொருள் தூளா, நீரா, கெட்டியா என்று முதலில் பாருங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடிப்படை அளவு எது?

கைக்கணக்கை எண்ணாக மாற்ற, நிலையான ஒரு கரண்டி வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கப் 250 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி., டெஸர்ட்ஸ்பூன் 10 மி.லி., டீஸ்பூன் 5 மி.லி. மாவுப் பையின் முதுகில் ஆஃப்ரிக்கான்ஸிலும் குறிப்பு இருந்தால் கோப்பி என்பது கப், ஏட்லேப்பல் டேபிள்ஸ்பூன், டேயலேப்பல் டீஸ்பூன். அதே மொழியில் க்னிப்பி என்றால் நம் சிட்டிகை.

வெளிநாட்டுக் குறிப்பென்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அமெரிக்கக் கப் சுமார் 237 மி.லி.தான், கறிக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மி.லி.; மூன்று டேபிள்ஸ்பூன் மிளகாய்த்தூள் என்று போட்டிருந்தால் அது நம்முடைய நான்கு.

மேசைக் கரண்டியை அளவுக் கரண்டி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தேநீர் கலக்கும் கரண்டிகளில் சில 3 மி.லி.கூடக் கொள்ளாது. வீட்டில் தினமும் மசாலாப் பெட்டிக்குள் கிடக்கும் கரண்டி எதுவோ, அதில் தண்ணீரை நிரப்பி அளவுக் கரண்டிக்கு மாற்றி ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். பிறகு ஆயுளுக்கும் அந்தக் கரண்டியே உங்கள் தராசு.

பின்ச்: சிட்டிகைதான், ஆனால் எத்தனை விரல்?

அமெரிக்கக் கடைகளில் கைக்கணக்குக்கென்றே சின்னக் கரண்டிகள் விற்கிறார்கள். அவற்றில் டேட் ¼ டீஸ்பூன், டாஷ் ⅛, பின்ச் 1/16, ஸ்மிட்ஜன் 1/32 என்று பொறித்திருக்கும். சட்டமாக வகுத்த கணக்கல்ல, ஒரு வழக்கம். என்றாலும் ஒன்றையொன்று பாதியாக்கிக்கொண்டு போவதால் நினைவில் வைக்க எளிது.

கரண்டி வாங்க வேண்டியதில்லை, விரலைச் சரிபார்த்தால் போதும். தூள் உப்பை ¼ டீஸ்பூனில் எடுத்துத் தலைதட்டுங்கள். ஒரு கறுப்புத் தட்டில் கொட்டிக் கோடாக நீட்டுங்கள். கத்தியின் முதுகால் பாதியாக்கி, ஒவ்வொரு பாதியையும் மறுபடி பாதியாக்குங்கள். இப்போது தட்டில் நான்கு குட்டிக் குவியல். ஒவ்வொன்றும் 1/16 டீஸ்பூன், எடையில் சுமார் 0.4 கிராம். பக்கத்திலேயே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு சிட்டிகை எடுத்துப் போடுங்கள். பிறகு நடுவிரலையும் சேர்த்து இன்னொன்று. பெரும்பாலோருக்கு இரண்டு விரல் சிட்டிகை அந்தக் குவியலை ஒட்டி வரும். மூன்று விரலில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். பாட்டிமார் சிட்டிகை பலருக்கும் மூன்று விரல்தான். ஆங்கிலக் குறிப்பில் ‘ஜெனரஸ் பின்ச்’ என்று வருவது அதற்குச் சமம்.

விரல் ஈரமாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொய். உப்பு ஒட்டிக்கொண்டு அளவு ஏறும், உதறும்போது கட்டியாக ஓரிடத்தில் விழும். உப்பின் ரகமும் முக்கியம்: தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம் இருக்கும், அதே டீஸ்பூனில் செதில் உப்பு 4 கிராம்கூட வராமல் போகலாம். குங்குமப்பூவில் பின்ச் என்றால் சுமார் 20 இழை. பெருங்காயத்தில் பின்ச் என்றால் இரண்டு விரலைத் தாண்டாதீர்கள். மூன்றாவது விரல் பருப்பைக் கசக்க வைக்கும்.

ஊற்றுவதற்கான சொற்கள்

டாஷில் ஒரு கண்ணி இருக்கிறது. தூளிலும் உறைப்புச் சாஸிலும் அது ⅛ டீஸ்பூன், அதாவது சீசாவை ஓரிரு முறை உதறுவது. ஆனால் ‘டாஷ் ஆஃப் மில்க்’ என்று தேநீருக்குச் சொன்னால் அது ஒரு டேபிள்ஸ்பூனை நெருங்கும். பொருள் எவ்வளவு காட்டமோ அவ்வளவு சின்னது டாஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ப்ளாஷ் என்பதைத் ‘தெளித்து’ என்று எழுதினால் குறைந்துவிடும், ‘ஊற்றி’ என்றால் கூடிவிடும். அடுப்படியில் அது ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன், 15 முதல் 30 மி.லி. டர்பன் கறியில் இந்தச் சொல் வருமிடம் பெரும்பாலும் ஒன்றுதான்: வெங்காயம் வதங்கி, மசாலா எண்ணெயில் விழுந்து, அடிப்பிடிக்கத் தொடங்கும் நொடி. அங்கே ‘எ ஸ்ப்ளாஷ் ஆஃப் வாட்டர்’ என்பது அடியைச் சுரண்டி எடுக்க மட்டும். இரண்டு டேபிள்ஸ்பூன் ஊற்றிச் சுரண்டினால் தண்ணீர் அரை நிமிடத்தில் வற்றி, எண்ணெய் மறுபடி ஓரத்தில் பிரியும். அரை கப் ஊற்றிவிட்டால் மசாலா வறுபடாமல் வேகத் தொடங்கிவிடும். அந்தப் பச்சை வாசனை கறி இறக்கும்வரை போகாது. இறைச்சி நன்றாக வெந்தும் ‘ஏதோ குறைகிறதே’ என்று தோன்றும் கறிகள் பலவற்றில் தவறு நடந்தது இந்த இடத்தில்தான்.

க்ளக் என்பது புட்டியின் சத்தம். எண்ணெய் வெளியே வர, காற்று உள்ளே போக, கழுத்தில் இரண்டும் மாறி மாறி இடம் பிடிப்பதால் எழும் ‘களக்’. ஒரு களக் ஒரு டேபிள்ஸ்பூன் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது புட்டியைப் பொறுத்தது. ஒல்லிக் கழுத்து ஆலிவ் எண்ணெய்ப் புட்டியில் ஏறக்குறையச் சரியாக வரும்; 2 லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பிளாஸ்டிக் புட்டியில் அதைவிட அதிகமாகக் கொட்டும். வாயில் மூக்குப் பொருத்திய புட்டியில் சத்தமே வராது, எண்ணெய் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். காலிப் புட்டியைக் கழுவிப் பாதியளவு தண்ணீர் நிரப்பி, ஐந்து களக் ஊற்றி, அளவு ஜாடியில் பார்த்து ஐந்தால் வகுங்கள். வந்த எண்ணை எண்ணெய் அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ட்ரிஸில் என்பது நூல் போல ஊற்றுவது. ஓரிரு டீஸ்பூன், பெரும்பாலும் இறக்கியபின் மேலாக. அதைத் தாளிப்புக்கு எடுத்துக்கொண்டால் கடுகு வெடிக்க எண்ணெய் போதாது. ஸ்க்வீஸ் எலுமிச்சைக்கு: நான்காக வெட்டிய ஒரு துண்டைப் பிழிந்தால் சுமார் ஒன்றரை டீஸ்பூன் சாறு. கிறிஸ்துமஸ் கேக் குறிப்பில் ‘டாட் ஆஃப் பிராண்டி’ என்று இந்நாட்டார் எழுதினால் 25 மி.லி.; இங்குள்ள மதுக்கடைகளில் ஊற்றும் அளவு அது.

குவிவதும் வெட்டுவதும்

டாலப் என்பது கரண்டியிலிருந்து ‘பொத்’தென்று விழுந்து, விழுந்த இடத்தில் மேடாக நிற்கும் பொருள். குவித்த ஒரு டேபிள்ஸ்பூன், 25 முதல் 30 கிராம். தயிர் என்றால் கெட்டித் தயிர் என்று சொல்லாமல் சொல்கிறது இந்தச் சொல். அமாசியை (இந்நாட்டுப் புளித்த பால்) அப்படியே ஊற்றினால் பிரியாணியின்மேல் ஓடிவிடும். அமாசிதான் கையில் இருக்கிறது என்றால் மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்தபின் கரண்டியால் வையுங்கள்.

நாப் வெண்ணெய்க்கும் இஞ்சிக்கும் வரும். வெண்ணெயில் 15 கிராம் என்று தொடங்குங்கள்; ‘குட் நாப்’ என்றால் 25. இங்கே வெண்ணெய் பெரும்பாலும் 500 கிராம் கட்டியாக வருவதால் தராசு இல்லாமலே வெட்டலாம். பாதி, அதில் பாதி: 125 கிராம். அந்தத் துண்டை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 15 கிராமுக்குச் சற்று மேல். அமெரிக்கக் குறிப்பில் ‘ஸ்டிக் ஆஃப் பட்டர்’ என்று கண்டால் அது 113 கிராம். நாப் என்று நினைத்து ஒரு துண்டு மட்டும் போட்டால் பிஸ்கட் உதிர்ந்துபோகும். இஞ்சியில் நாப், தம்ப் இரண்டும் கட்டைவிரல் நீளம், சுமார் 5 செ.மீ., தோல் சீவி 15 முதல் 20 கிராம்.

பழைய நோட்டுகளில் வெண்ணெய்க்கு ‘சைஸ் ஆஃப் எ வால்நட்’, ‘சைஸ் ஆஃப் ஆன் எக்’ என்றும் பார்க்கலாம். நம் நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவின் பங்காளிகள் இவை. வால்நட் என்றால் ஓர் அவுன்ஸ், 28 கிராம். முட்டை என்றால் இரண்டு அவுன்ஸ், ஏறத்தாழ 57 கிராம்.

தலைதட்டியதா, கோபுரமா?

லெவல் என்பது தலைதட்டியது. ரவுண்டட் என்பது கரண்டிக் குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு மேலும் மேடு. ஹீப்ட் என்பது கோபுரமாக, இனிமேல் வைத்தால் சரியும் என்னும் அளவுக்கு. ஸ்கான்ட் என்றால் தலைதட்டியதிலும் ஒரு மயிரிழை குறைவு. நோட்டில் எதுவும் சொல்லாமல் வெறுமனே டீஸ்பூன் என்று இருந்தால், அச்சிட்ட புத்தகத்தில் அது தலைதட்டியது. வீட்டு நோட்டில் பெரும்பாலும் கோபுரம்.

மிளகாய்த்தூளில் இதன் எடையைப் பாருங்கள். தலைதட்டிய டேபிள்ஸ்பூன் 7, 8 கிராம். கோபுரமாக அள்ளினால் 13, 14 ஆகும். ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு மூன்று டேபிள்ஸ்பூன் என்ற குறிப்பு ஒருவர் கையில் மிதமான கறியாகவும் இன்னொருவர் கையில் கண்ணீராகவும் வருவது இதனால்தான். டர்பன் கடைகளில் மாமியார் பெயரில் விற்கும் மசாலா என்றால் நிச்சயம் தலைதட்டியே தொடங்குங்கள்.

பேக்கிங் செய்யும்போது மட்டும் கைக்கணக்கை அடுப்படிக்கு வெளியே நிறுத்திவிடுங்கள். ஒரு கப் மாவுக்குப் பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சோடா உப்பு என்றால் ¼ டீஸ்பூன். சோடா உப்பு மூன்று நான்கு மடங்கு வீரியம். கோபுரமாகச் சோடா உப்பு விழுந்த கேக் சட்டென்று உப்பி நடுவில் குழியும், நிறம் கறுக்கும், நாக்கில் சவர்க்காரம் தட்டும். மாவும் அப்படியே: கரண்டியால் அள்ளிக் கோப்பையில் போட்டுத் தலைதட்டினால் சுமார் 130 கிராம், டப்பாவுக்குள்ளேயே கோப்பையை அழுத்தி அள்ளினால் 150ஐத் தாண்டிவிடும்.

பூண்டா, கிராம்பா?

கையால் அளக்கும் சொற்களைவிட ஆளைக் கவிழ்ப்பது எண்ணி எடுக்கும் சொற்கள். ‘டூ க்ளோவ்ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது கிராம்பு இரண்டா, பூண்டு இரண்டு பல்லா? பின்னால் வரும் வினையைப் பாருங்கள். உரி, நசுக்கு, நறுக்கு என்று வந்தால் பூண்டு. பட்டை, ஏலம், பிரிஞ்சி இலையோடு வரிசையில் நின்றால் கிராம்பு. பூண்டில் க்ளோவ் என்பது ஒரு பல், 3 முதல் 5 கிராம். ஹெட் அல்லது பல்ப் என்பது முழுப் பூண்டு. ஸ்டிக் பட்டையில் 5 முதல் 7 செ.மீ. துண்டு.

ஹெர்ப்ஸ் என்பது இந்நாட்டுத் தமிழர் பேச்சில் கீரை. ‘டால் அண்ட் ஹெர்ப்ஸ்’ என்றால் பருப்பும் கீரையும் சேர்த்துச் சமைத்தது. லண்டனில் அச்சான புத்தகத்தில் அதே சொல் தைம், பார்ஸ்லி போன்ற வாசனை இலைகள். ஆகவே ‘எ பன்ச் ஆஃப் ஹெர்ப்ஸ்’ உங்கள் அத்தை எழுதியதென்றால் ஒரு முழுக்கட்டுக் கீரை. வெளிநாட்டுக் குறிப்பென்றால் நான்கைந்து இணுக்கு. மல்லித்தழையிலும் பன்ச் கண்ணைக் கட்டும்: சூப்பர்மார்க்கெட் பொட்டலம் 20, 30 கிராம்தான், சந்தைக் கட்டு அதைப்போல மூன்று நான்கு மடங்கு.

ஸ்ப்ரிக் என்றால் இணுக்கு. கறிவேப்பிலையில் ஓர் ஈர்க்கு, பத்துப் பதினைந்து இலை. ஹேண்ட்ஃபுல்லை இலைக்குப் ‘பிடி’ என்றும், அரிசி பருப்புக்குச் ‘சிறங்கை’ என்றும் பிரித்து எழுதுங்கள். மூடிய கைக்கும் குவித்த உள்ளங்கைக்கும் நிறைய வித்தியாசம். எ கப்பிள் என்றால் இரண்டு. எ ஃப்யூ என்றால் மூன்று நான்கு.

ஒரு காற்புள்ளியையும் கவனியுங்கள். ‘ஒன் கப் ரைஸ், குக்ட்’ என்றால் ஒரு கப் அரிசியை அளந்து வேகவைப்பது. ‘ஒன் கப் குக்ட் ரைஸ்’ என்றால் வெந்த சோறு ஒரு கப். ஒரு கப் அரிசி மூன்று கப் சோறாகும் என்பதால் தவறினால் மூன்று மடங்கு தவறும்.

பழைய நோட்டு, பழைய அளவு

தென்னாப்பிரிக்கா மெட்ரிக் அளவுக்கு மாறியது 1970களை ஒட்டித்தான். அதற்கு முந்தைய நோட்டில் பவுண்டு 454 கிராம், பைன்ட் 568 மி.லி. அமெரிக்கப் பைன்ட் 473தான் என்பதால் புத்தகம் எந்த நாட்டுடையது என்று பாருங்கள். டீகப் 140 முதல் 190 மி.லி. வரை எதுவாகவும் இருக்கலாம்; பிரேக்ஃபாஸ்ட் கப் அரை பைன்ட், சுமார் 284. ஆழாக்கு என்று தமிழில் யாராவது எழுதி வைத்திருந்தால் நீங்கள் பாக்கியசாலி: 168 மி.லி., எட்டு ஆழாக்கு ஒரு படி. ‘எ டின்’ என்பதும் ஊருக்கு ஊர் வேறு: கண்டென்ஸ்ட் மில்க் டின் இங்கே 385 கிராம், அமெரிக்காவில் 397. பர்ஃபி ஒருநாள் இறுகி ஒருநாள் இறுகாமல் போவதற்கு அந்த 12 கிராமைக் குற்றம் சொல்ல வேண்டாம். அது பாகின் பதம்.

கையைத் தராசில் வைப்பது

அம்மா அளக்காமல் போடுகிறார், கேட்டால் ‘கொஞ்சம்’ என்கிறார். அவர் கையைத் தடுத்துக் கரண்டியை நீட்டினால் அளவு மாறிவிடும். யாரும் பார்க்கும்போது ஒரு மாதிரியும் பார்க்காதபோது வேறு மாதிரியும் போடுவது மனிதக் கை. மசாலா டப்பாவை மூடியில்லாமல் தராசில் வைத்து எடையைக் குறித்துவிட்டு அவரிடம் கொடுங்கள். போட்டு முடித்ததும் மறுபடி வையுங்கள். குறைந்ததே அவர் ‘கொஞ்சம்’. எண்ணெய்ப் புட்டிக்கும் இதே வழி. எண்ணெய் 100 மி.லி. சுமார் 92 கிராம். மூன்று நாள் சமையலில் எடுத்துச் சராசரி பாருங்கள். ஒரு நாள் கணக்கை நம்ப முடியாது. சிட்டிகைகளுக்கு வீட்டுத் தராசு உதவாது, ஒரு கிராமுக்குக் கீழே அது கண் திறக்காது; அங்கே மேலே சொன்ன கறுப்புத் தட்டுதான்.

இப்படி மாற்றிய ஒரு குறிப்பு எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். நோட்டில் இருப்பது ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு: குட் க்ளக் எண்ணெய், கப்பிள் ஆஃப் ஸ்டிக்ஸ் பட்டை, ஸ்ப்ரிக் கறிவேப்பிலை, ஹீப்ட் டேபிள்ஸ்பூன் மசாலா இரண்டு, பின்ச் போரி, ஸ்ப்ளாஷ் தண்ணீர், ஹேண்ட்ஃபுல் தனியா, உப்பு டு டேஸ்ட். தமிழில் எழுதும்போது: எண்ணெய் 60 மி.லி. (பெரிய பிளாஸ்டிக் புட்டியின் தாராளமான களக்); 5 செ.மீ. பட்டை இரண்டு; கறிவேப்பிலை ஓர் ஈர்க்கு; மசாலா கோபுரமாக இரண்டு டேபிள்ஸ்பூன், 27 கிராம்; மஞ்சள்தூள் (போரி என்பது அதுதான்) மூன்று விரல் சிட்டிகை; அடிப்பிடிக்கும்போது தண்ணீர் 30 மி.லி.; நறுக்கிய மல்லித்தழை ஒரு பிடி, இறக்கியபின். இங்கே தனியா என்பது தழை, விதையல்ல. ஊரிலிருந்து வந்தவர்கள் கொத்துமல்லி விதையைக் கொட்டிவிடும் இடம் இது.

டு டேஸ்ட் என்பதற்கு எண் தேட வேண்டாம். எப்போது ருசி பார்ப்பது என்பதை மட்டும் எழுதுங்கள். பச்சை இறைச்சி இருக்கும்போது நாக்கில் வைக்க முடியாது; ஆரம்பத்தில் தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் போட்டுவிட்டு, இறைச்சியும், சேர்த்திருந்தால் உருளைக்கிழங்கும் வெந்தபிறகு குழம்பைப் பார்க்கவும். கிழங்கும் தன் பங்கு உப்பை எடுத்துக்கொண்டிருக்கும்.